சகலையின் நம்பர்

அவருக்குச் செக்போஸ்ட் என்று பெயர் வைத்தது வேறு யாருமில்லை, கட்டிய மனைவிதான். கல்யாணமான புதிதில் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "அப்படி என்னதாங்க வேலை பாக்குறீங்க அங்க? யாராவது கேட்டா சொல்லத் தெரிய மாட்டேங்குது" என்றாள். மனுஷனுக்கு அன்றைக்கு நல்ல மூடு. மெனக்கெட்டு உட்கார்ந்து விளக்கினார்.

இன்டர்நெட்டில் எது போனாலும் சின்னச் சின்னப் பொட்டலமாகத்தான் போகும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் இரண்டு நம்பர் எழுதியிருக்கும். யாருக்குப் போகிறது என்று ஒன்று, யாரிடமிருந்து வருகிறது என்று ஒன்று. வழியில் இருக்கிற ரூட்டர்கள் எல்லாம் யாருக்கு என்பதை மட்டும் பார்த்துத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். யாரிடமிருந்து என்பதைச் சீந்துவார் கிடையாது. அதனால் எவனும் எவனுடைய நம்பரையும் போட்டு அனுப்பலாம். வாங்கிக் கட்டிக்கொள்வது நம்பருக்குச் சொந்தக்காரன்.

"நான் என்ன பண்றேன்னா, நம்ம ரூட்டரை அதையும் பாக்க வைக்கிறேன். இந்த வீட்டு வயர்ல வர்ற பொட்டலத்துல இந்த வீட்டு நம்பர்தான் இருக்கணும். வேற நம்பரைப் போட்டுக்கிட்டு வந்துச்சுன்னா அங்கேயே தூக்கிப் போட்டுடும்."

"வண்டியை நிறுத்தி நம்பர் பிளேட் பாக்குறீங்க. செக்போஸ்ட் வேலைன்னு சொல்லிட்டுப் போங்களேன், இதுக்கா இவ்வளவு இழுவை?" என்று அவள் மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அந்தப் பெயர் மாமியார் வீட்டுக்குப் போய், மச்சினி வாயில் விழுந்து, கடைசியில் ஆபீசுக்கே வந்து சேர்ந்தது. முதலாளிகூடக் கோபமில்லாத நாட்களில் "எங்கேப்பா நம்ம செக்போஸ்ட்?" என்றுதான் கேட்பார்.

செக்போஸ்ட் படித்துப் பெரிய ஆளானவர் இல்லை. அப்பா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்தார். அம்மா படுத்த படுக்கை. அக்காவைக் கட்டிய அத்தான்தான், கல்யாணமான கையோடு மச்சினனையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். தன் மின்சாமான் கடையில் உட்கார வைத்து, வயர் பிடிக்கக் கற்றுக்கொடுத்து, மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் படிக்கவும் சேர்த்துவிட்டார். அத்தானுக்கு வாய் நீளம். ஒரு வேலையைச் செய்தால் நாலு தெருவுக்குக் கேட்கும்படி செய்வார். ஆனாலும் பெற்ற பிள்ளையைப் போல் வளர்த்தார், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி டிவி கேபிள் இழுத்த செக்போஸ்ட், கேபிள் கம்பெனி இன்டர்நெட் கம்பெனி ஆனபோது கூடவே உள்ளே வந்துவிட்டார். டயர் கடைக்கு மேல் மாடியில் ஆபீஸ். கீழேயிருந்து ரப்பர் வாடை எந்நேரமும் ஏறி வரும். உள்ளறையில் ரூட்டர் அலமாரி, அதற்கென்றே ஒரு ஏசி, ஏசிக்குக் கீழே ஒழுகுகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வாளி. அந்த வாளியைக் காலி செய்கிற வேலையும் செக்போஸ்ட்டுடையதுதான்.

இந்தச் சோதனை வேலையை அவர் தலையில் யாரும் கட்டவில்லை. முன்பு ஒருமுறை எவனோ ஒருவன் கம்ப்யூட்டரில் கிருமி புகுந்து, ஊர்பேர் தெரியாத நம்பர்களையெல்லாம் போட்டு எங்கேயோ இருக்கிற ஒரு ஆஸ்பத்திரிக்குக் குப்பையைக் கொட்டியது. இவர்களுக்கு லைன் கொடுக்கிற பெரிய கம்பெனி மூச்சுக் காட்டாமல் ஒரு பகல் முழுக்க மொத்த லைனையும் நிறுத்திவிட்டது. அன்றைக்குப் போன் எடுத்து எடுத்துச் செக்போஸ்ட்டுக்குக் காது பழுத்துப்போனது. அதற்குப் பிறகுதான் தானாகவே தேடிப் படித்து, வீட்டு வயர்கள் ரூட்டரில் நுழைகிற ஒவ்வொரு வாசலாக அந்தச் சோதனையைப் போட்டுக்கொண்டு வந்தார். எல்லாம் முடிந்த அன்று முதலாளியிடம் போய் நின்றார்.

"சார், இனிமே நம்ம கம்பெனியில இருந்து பொய் நம்பர் ஒண்ணுகூட வெளிய போகாது."

"சந்தோஷம். அதுல நமக்கு என்ன வருது?"

"நமக்கு ஒண்ணும் வராது சார். மத்தவங்களுக்கு நம்மளால தொல்லை போகாது."

பக்கத்து வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனைப் பார்ப்பது போல் முதலாளி அவரைப் பார்த்தார். ஆனாலும் செக்போஸ்ட்டுக்கு அதில் ஒரு பெருமை. சாப்பிடுகிற நேரத்தில்கூட அந்த அலமாரியின் பச்சை விளக்குகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்.

சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவரிடம்தான் லைன் வாங்கினார்கள். அவரும் கல்யாண போட்டோவுக்கு நிற்க வைப்பது போல எல்லாருக்கும் பக்கத்துப் பக்கத்து நம்பராகக் கொடுத்தார். முதலில் அத்தான் கடை. அதை ஒட்டி சகலை வீடு. அடுத்தது மாமனார். நம்பரைப் பார்த்தாலே நம்ம ஆள் என்று தெரிய வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

சகலை என்றால் அவர் மனைவியின் தங்கை புருஷன். அருமையான ஆள். முன்பு மருந்துக் கம்பெனிக்காகப் பைக்கில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார். லாரி இடித்து ஒரு கால் நொறுங்கியது. கம்பியும் தகடும் வைத்து ஒட்டிக் கொடுத்தார்கள், ஆனால் அதிக நேரம் நிற்க முடியாது. வீட்டில் கிடந்த காலத்தில் சின்ன வயதில் விளையாடிய செஸ்ஸைத் தூசி தட்டினார். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தது இன்னொரு பிள்ளைக்கு, அப்புறம் கம்ப்யூட்டர் வழியாக எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகளுக்கு என்று பெருகியது. சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, "ஏம்மா, குதிரையை லாயத்துலயே கட்டி வச்சா அது எப்பதான் ஓடும்? வெளிய விடும்மா" என்று அவர் சொல்வதும், ஸ்பீக்கரில் பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரிப்பதும் தெருவரை கேட்கும். விழுந்த குடும்பம் அதில்தான் எழுந்து உட்கார்ந்தது.

அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம், எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாது. ஒருமுறை போன் பண்ணி, "அண்ணே, நீங்க வச்சுட்டுப் போன டப்பாவைச் சும்மா கழட்டிப் பாத்தேன். மாட்டிட்டேன், நல்லாத்தான் வேலை செய்யுது. ஆனா ரெண்டு ஸ்க்ரூ மிச்சமாயிடுச்சு. உங்க ஆபீசுக்கு வேணுமா?" என்றார். செக்போஸ்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

சங்கடம் தொடங்கியது அத்தான் கடையில். செக்போஸ்ட் கம்பெனி லைன் அவ்வப்போது படுத்துக்கொள்கிறது என்று அத்தான் இன்னொரு கம்பெனியிலும் ஒரு லைன் வாங்கி, இரண்டையும் சேர்த்து ஒரு பெட்டியில் மாட்டினார். அந்தப் பெட்டிக்குப் புத்தி மட்டு. அந்தக் கம்பெனி நம்பர் போட்ட பொட்டலத்தை இந்தக் கம்பெனி வயரில் தள்ளிவிடும். செக்போஸ்ட்டின் ரூட்டர் பார்க்கும்: இது இந்த வாசலுக்குரிய நம்பர் இல்லையே? தூக்கிப் போட்டுவிடும். பாதி நேரம் கடையில் கார்டு மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கூப்பிட்டு அனுப்பினார் அத்தான். கடையில் மின்விசிறி வாங்க வந்தவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றார்கள்.

"வாங்க மாப்ள, வாங்க. மெஷின் சுத்துது, கஸ்டமர் தலை சுத்துது, என் கடையில சுத்தாம இருக்கிறது இந்த ஃபேன் மட்டும்தான். இதுவும் உன் கைங்கரியமா?"

செக்போஸ்ட் பெட்டியைப் பார்த்தார், விஷயம் புரிந்தது. "அத்தான், ரெண்டு லைனும் கலந்து போகுது. அந்தக் கம்பெனி நம்பர் எதுலேர்ந்து எதுவரைக்கும்னு கேட்டு வாங்கணும். இந்த ரெண்டு நம்பரும் வரலாம், வேற எதுவும் வரக் கூடாதுன்னு உங்க வாசலுக்கு மட்டும் தனியா நான் கையால எழுதிப் போடணும். அவங்க பதில் போடக் கொஞ்ச நாள் ஆகும்."

"அதுவரைக்கும் கடையை மூடிட்டு நான் கோயில் குளம்னு போகட்டுமா? ஏன்ப்பா, அந்தச் செக்கை எனக்கு மட்டும் எடுத்துட்டா என்ன?"

"எடுக்கலாம்... ஆனா எடுத்தா எந்த நம்பர் வேணும்னாலும் போகும்."

"என் கடையில இருந்து யாரு பொய் நம்பர் போடப் போறா? நானா? உங்க அக்காவா?"

உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தாள். அதிகம் பேசுகிறவள் இல்லை. "நீ யாரைடா சோதிக்கிற? உன்னைக் கையப் புடிச்சு ஸ்கூல்ல கொண்டுபோய் விட்ட மனுஷனையா?" என்றாள்.

அதற்கு மேல் செக்போஸ்ட்டால் நிற்க முடியவில்லை. ஆபீசுக்கு வந்து அந்த ஒரு வாசலுக்கு மட்டும் சோதனையை எடுத்தார். அப்போதே உட்கார்ந்து அந்த இன்னொரு கம்பெனிக்கு நம்பர் கேட்டு மெயிலும் போட்டார். பதில் வந்ததும் எழுதிப் போட்டுவிட்டால் ஆயிற்று. ஒரு வரி, இரண்டு வரி வேலை. கார்டு மெஷின் ஓட ஆரம்பித்தது. அத்தான் போன் பண்ணி, "நம்ம மாப்ள மாதிரி வருமா?" என்று கடையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அந்தக் கம்பெனியிலிருந்து பதிலும் ஒழுங்காக வந்தது. அந்த வாரம் மழையில் கம்பம் சாய்ந்து பாதி ஊருக்கு லைன் இல்லை. செக்போஸ்ட் கம்பம் கம்பமாக அலைந்துகொண்டிருந்தார். மெயில் மற்ற மெயில்களுக்கு அடியில் போய்விட்டது. எரிகிற வீட்டில்தானே தண்ணீர் ஊற்றத் தோன்றும்? அத்தான் கடையில் எதுவும் எரியவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற வேலையை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மாதங்கள் போயின. ஒருநாள் காலையில் முதலாளி கதவை முட்டிக்கொண்டு உள்ளே வந்தார். கையில் போன்.

"மறுபடியும் பெரிய கம்பெனி. நம்ம நம்பர்ல இருந்து யாருக்கோ குப்பையா கொட்டுதாம். இன்னைக்குள்ள நிறுத்தலன்னா மொத்தமா நம்மளை நிறுத்திடுவானாம். பொய் நம்பரே போகாதுன்னு சொன்னியே?"

"பொய் நம்பர் போகாது சார். அது நிஜ நம்பராத்தான் இருக்கும். என்ன நம்பர்?"

முதலாளி படித்து முடிப்பதற்கு முன்பே செக்போஸ்ட்டுக்கு ஆள் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கவே வேண்டாம். அவர் கையால் கொடுத்த நம்பர், சகலையின் நம்பர்.

எல்லா வாசலிலும் சோதனை நிற்கிறது, ஒருத்தன் நம்பரை இன்னொருத்தன் போட முடியாது, ஆகவே இது சகலை வீட்டிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று மனசு நேர்கோடு போட்டது. அந்தக் கோட்டின் ஓரத்தில், திறந்து வைத்த ஒரு வாசல் இருந்தது. அது அவருக்கு மறந்துபோகவில்லை. தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தும் திரும்பாமல் இருப்போமே, அப்படி இருந்துவிட்டார். அத்தான் கடையிலிருந்து எப்படி வரும்? கழற்றிப் பார்க்கிறவர் சகலைதானே? எதையாவது ஏற்றித் தொலைத்திருப்பார்.

"யாரு அது?" என்றார் முதலாளி.

"என் சகலை சார்."

"அப்ப உறவு கிறவுன்னு பாக்காம வெட்டிவிடு."

"உறவுன்னு நான் என்னைக்கு சார் பாத்திருக்கேன்?" என்றார் செக்போஸ்ட். சொன்ன வார்த்தை வாயில் கசந்தது. எழுந்து போய்ச் சகலையின் வயரை உருவிவிட்டார்.

மனசு கேட்காமல் அன்று மத்தியானமே நேரில் போனார். சகலை திரையில் நின்றுபோன செஸ் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே, நானே கூப்பிடணும்னு இருந்தேன். அந்தப் பொண்ணு ராணியை எடுக்கப் போற நேரத்துல லைன் போயிடுச்சு. அது அங்க அழுதுக்கிட்டு இருக்கும்."

"லைன் போகல சகலை. நான்தான் நிறுத்தினேன். உங்க கம்ப்யூட்டர்ல இருந்து எங்கேயோ தாக்குதல் மாதிரி போயிருக்கு. புதுசா எதையாவது ஏத்தினீங்களா?"

சகலை முகம் வெளிறிவிட்டது. "நானா? ...ஒரு பையன், நல்லா படம் போட்ட செஸ் போர்டு ஒண்ணு அனுப்பினான். அதைத்தான் ஏத்தினேன். அழகா இருந்துச்சுண்ணே."

"அதாத்தான் இருக்கும்."

வாசற்படியில் மச்சினி ஈரக் கையோடு நின்றாள். "மாமா, ரெண்டே ரெண்டு நாள் விடுங்களேன். இந்த வாரம் பசங்களுக்குப் போட்டி இருக்கு. முடிஞ்சதும் நானே வந்து வெட்டுங்கன்னு சொல்றேன்."

"கம்பெனி விடாதும்மா."

"கம்பெனின்னா நீங்கதானே மாமா எங்களுக்கு?"

செக்போஸ்ட் செருப்பைத் தேடுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். தங்கை போன் பண்ணி எல்லாம் சொல்லியிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேங்க. உங்க அக்கா வீட்டு லைனா இருந்தா வெட்டியிருப்பீங்களா?"

"யாரா இருந்தாலும் வெட்டியிருப்பேன்."

தட்டில் இருப்பது போதுமா என்றுகூடக் கேட்காமல் அவள் எழுந்துவிட்டாள்.

குப்பை போவதும் அத்தோடு நின்றது. பெரிய கம்பெனி நன்றி சொன்னது. சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறோம் என்று செக்போஸ்ட் நிம்மதிப்பட்டார். அந்த நிம்மதியை அவரால் பிற்காலத்தில் மன்னிக்கவே முடியவில்லை. ஏனென்றால் அதே நாள் காலை, வயரை உருவிய கொஞ்ச நேரத்தில்தான் அத்தானும் அக்காவும், மகளுக்குத் தலைப்பிரசவம் என்று கடையைப் பூட்டி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஊருக்குக் கிளம்பினார்கள். வழியனுப்பப் போனவரே செக்போஸ்ட்தான்.

சகலை சூதுவாது தெரியாதவர். பிள்ளைகளின் பெற்றோர்களிடம் வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். உள்ளதை உள்ளபடி சொன்னார்: என் கம்ப்யூட்டரிலிருந்து ஏதோ கெடுதல் போயிருக்கிறதாம், சரிசெய்துவிட்டு வருகிறேன். கேட்டவர்களுக்குப் பயம் வந்தது. நம் பிள்ளையின் கம்ப்யூட்டருக்கும் ஏதாவது அனுப்பியிருப்பாரோ? ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். கொஞ்ச நாள் மிச்சமிருந்த பிள்ளைகளுக்குப் போனில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். வேறு கம்பெனி லைன் வாங்கலாமே என்று மச்சினி சொன்னதற்கு, "அங்கேயும் போய் யாருக்காவது கெடுதல் பண்ணவா?" என்று விட்டார். பிறகு ஒரு கிட்டங்கியில் பெட்டிகளை எண்ணி அனுப்புகிற வேலைக்குப் போனார். நின்றுகொண்டே செய்கிற வேலை.

அத்தான் பேத்தியைப் பார்த்துவிட்டு, பூரிப்போடு திரும்பி வந்து கடையைத் திறந்தார். மறுநாளே முதலாளி மறுபடியும் கதவை முட்டிக்கொண்டு வந்தார்.

"அதே நம்பர்! அன்னைக்கே வெட்டினேன்னு சொன்னியே?"

"வெட்டினேன் சார்."

"அப்புறம் எப்படிய்யா வருது?"

செக்போஸ்ட் எழுந்து உள்ளறைக்குப் போனார். சகலையின் வயர் அன்றைக்கு உருவிப் போட்டபடியே அலமாரி ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முனையில் தூசி. எதிலும் மாட்டாத வயரிலிருந்து எதுவும் வர முடியாது. அவர் திரையின் முன் உட்கார்ந்து எந்த வாசலிலிருந்து அவ்வளவு போகிறது என்று பார்த்தார். முதல் முறையே பார்த்திருக்க வேண்டியது அதைத்தான். அன்றைக்குப் பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்தார், எந்த வாசலில் நுழைந்தது என்று பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் அவர் போட்ட சோதனையே அதுதான்.

அத்தான் கடை வாசல்.

கடைக்குப் போனார். கல்லாவுக்கு மேல் நாலு கேமரா. ஒரு மலிவுக் கேமரா செட்டை அத்தான் தானே வாங்கி மாட்டியிருந்தார். பாஸ்வேர்டு கம்பெனியில் போட்டு வந்ததுதான், மாற்றவே இல்லை. அதில் புகுந்த கிருமி, தன் நம்பரைப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பக்கத்து நம்பரைப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் செக்போஸ்ட்.

"என் கேமராவா? இந்த மட்டமான கேமராவுக்கு அவ்வளவு திறமையா?" என்று அத்தான் ஆச்சரியப்பட்டார். விஷயம் முழுக்கப் புரிந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "பாவம்ப்பா உன் சகலை. நானே ஒருநாள் வந்து சொல்றேன்" என்றார். அவருக்குக் கடையை விட்டு நகர நேரம் கிடைக்கவே இல்லை.

கேமராவைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஆபீசுக்கு வந்து, அந்தப் பழைய மெயிலைத் தேடி எடுத்து, அத்தான் வாசலுக்கான வரிகளை எழுதினார் செக்போஸ்ட். காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. முதலாளியிடமும் மறைக்கவில்லை. "அந்த நம்பர்க்காரர் மேல தப்பில்லன்னு பெரிய கம்பெனிக்கு எழுதணும் சார்" என்றார். "நின்னுடுச்சுல்ல? முடிஞ்ச கதையை எதுக்குக் கிளறுற?" என்றார் முதலாளி. செக்போஸ்ட் தன் பெயரிலேயே எழுதி அனுப்பினார். அதற்குப் பதில் வரவில்லை.

வீட்டில் சொல்வதைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போது சொல்லலாம் என்று போவார், சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். கடைசியில் சொன்னபோது மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. "என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? சொல்ல வேண்டிய இடம் தெரியாதா?" என்றாள்.

போனார். சகலை அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, காலை ஸ்டூலில் நீட்டி, வெந்நீர்ப் பையை முழங்காலில் வைத்திருந்தார். சின்ன அறையில் கம்ப்யூட்டர் இருந்த இடத்தில் மச்சினியின் தையல் மெஷின். தைத்து முடிக்காத துணிகள்.

"வாங்கண்ணே! வீட்டுப் பக்கமே காணோம். என் மேல கோபம்னு நினைச்சேன். நானும்தான் உங்களுக்கு ஆபீஸ்ல எவ்வளவு கெட்ட பேரு வாங்கிக் கொடுத்துட்டேன்."

"சகலை, லைனைத் திரும்பக் கொடுக்கத்தான் வந்தேன். கம்ப்யூட்டர் எங்க?"

"அதையா? பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டேன். சும்மா போடல, டிஸ்க்கைக் கழட்டி ஆணி அடிச்சு ஓட்டை போட்டுத்தான் போட்டேன். வேற யாரு கைக்காவது போய், அவங்களையும் மாட்டி விடக் கூடாதுல்ல?"

செக்போஸ்ட் கீழேயே உட்கார்ந்துவிட்டார். "உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்ல சகலை. நீங்க ஒரு தப்பும் பண்ணல."

சகலை சிரித்தார். "உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதாண்ணே."

"மனசு இல்ல, நிஜம். எங்க அத்தான் கடை கேமரால இருந்து உங்க நம்பரைப் போட்டுப் போயிருக்கு. அவருக்காக நான்தான் செக்கை எடுத்து விட்டேன். நான்தான் திரும்பப் போடல. நான்தான்..."

"வேணாம்ணே." சகலை கையை நீட்டி அவர் தோளைத் தொட்டார். "எனக்கு ஆறுதல் சொல்றதுக்காக வளர்த்த மனுஷன் மேல பழி போடாதீங்க. நீங்கதானே எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க, ஒருத்தர் நம்பரை இன்னொருத்தர் போடவே முடியாது, நான் செக் வச்சிருக்கேன்னு? நீங்க வச்ச செக்கு தப்பா இருக்குமா? திறந்து பாக்குற புத்தி எனக்கு. அந்தப் பையன் அனுப்பினதை ஏத்தினப்பவே வேணாம்னு தோணுச்சு. நான்தான் கேக்கல."

செக்போஸ்ட் மறுபடி முதலிலிருந்து சொன்னார். வயர் தொங்கியதைச் சொன்னார். மெயில் வந்து கிடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல சகலை தலையாட்டிக்கொண்டே கேட்டார், குழந்தை சொல்கிற கதையைக் கேட்பது போல. முடிந்ததும், "காப்பி குடிக்கிறீங்களாண்ணே?" என்றார்.

கதவோரம் நின்ற மச்சினிதான் பேசினாள். "அவரு நம்ப மாட்டாரு மாமா. நான் நம்புறேன்." குரல் உயரவில்லை. "முதல்லயே ரெண்டு நாள் கேட்டேன். அந்த ரெண்டு நாள்ல உங்க அத்தான் கடை பூட்டி இருந்திருக்கும். எங்க லைன் ஓடியிருந்தாலும் எதுவும் போயிருக்காது. எங்க வீட்டுல இருந்து போகலன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

அது செக்போஸ்ட்டுக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை.

லைன் வேண்டாம் என்றுவிட்டார்கள். செக்போஸ்ட் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு போய் இறக்கினார். சகலை அதைப் பெட்டி பிரிக்காமலேயே அடுத்த வாரம் ஆட்டோவில் திருப்பி அனுப்பினார். "நல்ல பொருள்ணே, என் கையில வேணாம்" என்று போனில் சொன்னார். அதற்குப் பின் வந்த வருஷங்களில் அத்தான் கடை பெரிதானது. செக்போஸ்ட்டுக்குக் கீழே இரண்டு பேர் வந்தார்கள். யார் வீட்டு வாசலாக இருந்தாலும் சோதனையை எடுக்கிறவன் போடாமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று அவர்களை விரட்டினார். அக்காவும் சரி, மனைவியும் சரி, அந்தப் பேச்சை எடுப்பதில்லை. மனைவியும் மச்சினியும் பழையபடி போனில் பேசிக்கொள்ளத் தொடங்கியதே அவர்களுடைய அம்மா நோயில் விழுந்த பிறகுதான்.

குடும்பத்தில் நல்லது கெட்டது என்றால் சகலை வருவார். முதல் ஆளாக வந்து, நாற்காலி பார்த்து உட்கார்ந்து, சுற்றிலும் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஜோக் அடித்துக்கொண்டிருப்பார். மாமனார் வீட்டில் எல்லாரும் கூடியிருந்த ஒரு நாளில், அத்தானின் பேத்தி செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பள்ளிக்கூடத்தில் செஸ் சேர்ந்திருந்தாள்.

"தாத்தா, உங்களுக்கு செஸ் தெரியுமாமே? இதுல வாங்க, ஒரு ஆட்டம் போடலாம்."

சகலை கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார், சூடான பாத்திரத்தைக் கண்டது போல. "ஐயையோ, என்கிட்ட குடுக்காதம்மா. நான் தொட்டா ஏதாவது ஆயிடும்" என்று சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். பிள்ளை விடுவதாக இல்லை. போனை அவர் மடியில் வைத்தாள். அவர் அதை விரல் நுனியால் திரை படாமல் தூக்கி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த செக்போஸ்ட்டின் கையில் கொடுத்தார்.

"நீங்க வச்சுக்கோங்கண்ணே. உங்ககிட்ட இருந்தா பத்திரம்."

செக்போஸ்ட் வாங்கிக்கொண்டார். திரையில் ஆட்டம் தொடங்கக் காத்திருந்தது. "நீங்களாவது ஆடுங்க" என்றாள் அந்தப் பெண். அவருக்குக் குதிரை எப்படி நகரும் என்றுகூடத் தெரியாது.